ஒன்பது நாள் பச்சை

ஜன்னலோரம் எனக்குக் குடுக்கிறீங்களா சார்? தப்பா நினைச்சுக்காதீங்க. காத்துக்காக இல்ல. தூரத்துல இருக்கிற எதையாவது பாத்துக்கிட்டே வரணும், மலையோ மரமோ. இல்லேன்னா தலை சுத்தும். டாக்டர் சொல்லியிருக்காரு. ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க எதுவரைக்கும்? பொள்ளாச்சியா. நான் கோயமுத்தூர்.

என் பேரு திருநாவுக்கரசு. திண்டுக்கல்தான், நாகல் நகர். அம்பத்தோரு வயசு. பாத்தா அறுபது சொல்லுவாங்க, தெரியும். எல்லாம் இந்த மூணு வருஷத்துல ஆனது.

மெட்ராஸ்ல ஒரு கம்பெனி சார். பேரு வேண்டாம். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவாங்கல்ல, அதுல பில்லு, தேதி, டாக்டர் எழுதினது எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு பாக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷம். தேதி ஒருநாள் இடிச்சாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப் பேரெடுத்தவன் நான். கொரோனா சமயத்துல வீட்ல இருந்து பாருங்கன்னு அனுப்புனாங்க. அனுப்புனதோட சரி, திருப்பிக் கூப்பிடவே இல்ல. ஆபீஸ் கட்டடத்தையே காலி பண்ணிட்டாங்க. சரி, நமக்கென்ன, வாடகை வீட்டை விட்டுட்டு சொந்த ஊருக்கே வந்துட்டோம். நானும் வீட்டுக்காரியும். மக ஒருத்தி, அவ பெங்களூர்ல வேலை பாக்கிறா.

முதல் ஆறு மாசம் சொர்க்கம் சார். மத்தியானம் சுடுசோறு. அப்புறம்தான் அந்த சாஃப்ட்வேரைப் போட்டாங்க.

எப்படின்னா, நம்ம பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கும். வேலை செஞ்சா பச்சை. மூணு நிமிஷம் மவுஸோ கீபோர்டோ அசையலைன்னா மஞ்சள். அஞ்சு நிமிஷம்னா சிவப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஸ்கிரீனை போட்டோ எடுத்துக்கும். நான் டீம் லீடர், எனக்குக் கீழ பதினோரு பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு யார் யார் எத்தனை தடவை சிவப்பானாங்கன்னு நான் லிஸ்ட் அனுப்பணும். என் சிவப்பை மேல இருக்கிற கிஷோர்னு ஒருத்தன் பாப்பான். மேனேஜரு. என்னைவிடப் பதினாறு வயசு சின்னவன்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு மனுஷன் அஞ்சு நிமிஷத்துல ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போயிட்டு வர முடியுமா? குளிக்கிறது ஒரு கதை. சாப்பிடும்போது வலது கையில சோறு, இடது கையில மவுஸ். காதுல எப்பவும் ஹெட்போன். கழட்டினாலும் அந்த 'டிங்' சத்தம் கேக்கும். கொடியில துணி காயப் போடும்போது கேக்கும். கோயில்ல நிக்கும்போது கேக்கும். கண்ணியைக் கேப்பேன், "உனக்குக் கேட்டுச்சா?" "இல்லீங்களே"ம்பா.

கண்ணி என் வீட்டுக்காரி. அங்கயற்கண்ணி முழுப் பேரு. மதுரைப் பக்கத்துப் பொண்ணு, பி.காம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட வேலை பாத்துக்கிட்டிருந்தா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். அவளும் சரின்னுட்டா. அவ ஒண்ணும் கேக்கலையே அப்போ.

வீட்ல சில கட்டுப்பாடு வெச்சேன் சார். வெக்காம முடியாது. ஒன்பது மணிக்கு மேல மிக்ஸி ஓடக்கூடாது. குக்கர் விசில் வரக்கூடாது. காலிங் பெல் ஒயரைப் பிடுங்கி விட்டேன். அவ எட்டரைக்குள்ள சட்னி, குழம்பு எல்லாத்தையும் முடிச்சுருவா. நல்லவதான், நான் இல்லேன்னு சொல்லல. அதோட நான் பாத்ரூம் போனா, சாப்பிட்டுக் கை கழுவப் போனா, வந்து என் சேர்ல உக்காந்து மவுஸை அசைச்சுக்கிட்டு இருக்கணும். "சும்மா அசைச்சா போட்டோல தெரிஞ்சுரும், ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டு இரு"ன்னேன். தள்ளுனவ சும்மா தள்ளலாம்ல? படிக்க ஆரம்பிச்சுட்டா சார்.

ஒருநாள் நான் தலை துவட்டிக்கிட்டே வரேன், "ஏங்க, இந்தம்மா கிளெய்மை ஏன் திருப்பி விட்டீங்க?"ன்னா. "தேதி பொருந்தல. அட்மிஷன் ஜூலைங்கிறாங்க, பில்லு மார்ச்சுல இருக்கு"ன்னேன். "இல்லீங்க, இந்த ஆஸ்பத்திரியில மாசத்தை முன்னாடி போடறாங்க. மத்த பில்லையும் பாருங்க. இது ஜூலை மூணு, மார்ச் ஏழு இல்ல"ன்னா. "உனக்கு என்ன தெரியும், எந்திரி"ன்னேன். அவ சொன்னது சரிதான், அப்புறம் பாத்தேன். ஆனா அந்த ஃபைல் அதுக்குள்ள போயிருச்சு. ஒருநாளைக்கு நூத்தி நாப்பது ஃபைல் சார். ஒண்ணொண்ணுக்கும் அழுதுக்கிட்டிருக்க முடியுமா?

என் டீம்ல ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு. தக்கலைப் பக்கம் வீடு. எட்டு மாசக் கைக்குழந்தை. ஒருநாளைக்கு அஞ்சாறு தடவை சிவப்பாகும். குழந்தை பாலுக்கு அழுது சார்னு எழுதும். நான் என்ன செய்ய? சிஸ்டம் காட்டுது, நான் அனுப்பறேன். நான் யாரையும் திட்டினதில்ல. லிஸ்ட்தான் அனுப்புனேன். மூணு வார்னிங் அதுக்கு வந்துச்சு. அது கிஷோர் குடுத்தது, நான் குடுத்ததில்ல.

போன வருஷம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. காலைல பத்து மணி மீட்டிங். கிஷோர் பேசிக்கிட்டிருக்கான். திடீர்னு இடது காதுக்குள்ள ஒரு இரைச்சல், தரை அப்படியே சாயுது. மேசையைப் பிடிச்சேன், மேசையும் சாயுது. விழுந்துட்டேன். கண்ணி அடுப்படியில இருந்து ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு கத்துறா. எனக்கு வாய் கோணுது. பேச்சு வரல. வந்த ஒரே வார்த்தை என்ன தெரியுமா சார்? "மவுஸ்."

சிரிக்காதீங்க. அது அவ்வளவு தூரம் உள்ள போயிருந்துச்சு.

பக்கத்து வீட்டு ராவுத்தர்தான் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. கண்ணியும் ஏறப் போனா. நான் கையாலயே காட்டினேன், வேண்டாம், நீ போய் உக்காருன்னு. ஏற்கெனவே ரெண்டு டீம் லீடருங்க மெடிக்கல் லீவுல போனாங்க, திரும்பி வரும்போது அவங்க சீட்டே இல்ல. அதனால சொன்னேன். அவ ஆட்டோ கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் உள்ள போயிட்டா.

பிரஷர் இருநூத்திப் பத்து. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல சின்ன அடைப்புன்னாங்க. ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். அந்த ஒன்பது நாளும் காலைல எட்டு மணிக்கு இட்லியோட வருவா, எட்டேமுக்காலுக்குப் போயிருவா. அப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். பக்கத்துப் பெட்டுக்காரன் கேக்கிறான், "உங்களுக்கு ஆளுங்க யாரும் இல்லையா?"ன்னு. எப்படி இருக்கும் எனக்கு? ஒரு பொண்டாட்டி பகல் பூரா புருஷன் பக்கத்துல இல்லாம என்ன பொண்டாட்டி? நான் உக்காருன்னேன், சரி. அதுக்காக ஒருநாள்கூடவா, "போங்க நீங்களும் உங்க வேலையும்"னு சொல்லிட்டு என் பக்கத்துல இருக்கத் தோணல?

நான் சொன்னது மவுஸை அசைக்க. அவ செஞ்சது என்ன? என் வேலையையே பாத்திருக்கா. தொண்டை கட்டிருச்சுன்னு எழுதிப் போட்டுட்டு, மீட்டிங்ல எல்லாம் டைப் பண்ணியே சமாளிச்சிருக்கா. ஃபைல் ஒண்ணொண்ணையும் படிச்சு முடிச்சிருக்கா. அதோட நிக்கல. பதினோரு பேருக்கும் எழுதியிருக்கா, "உங்க வீட்ல எந்த நேரம் சத்தம், எந்த நேரம் வேலைன்னு சொல்லிருங்க. அந்த நேரத்தை நான் பிரேக்னு போட்டுடறேன்"னு. சிக்கலான ஃபைலை எல்லாம் அமைதியா வீடு இருக்கிறவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்திருக்கா. அந்த ஜெனிட்டாவுக்கு எழுதினதைப் படிச்சேன் சார், "பதறாம பால் குடுங்க. பாப்பா தூங்கினதும் வாங்க. நான் பாத்துக்கிறேன்." என் பேர்ல! என் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது, கீழ இந்த வார்த்தை!

எட்டாவது நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவ முகமெல்லாம் சிரிப்பு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அப்படி ஒரு முகம். கொண்டு வந்த இடியாப்ப டப்பாவைக் கூடத் திறக்கல, போனை எடுத்து ஒரு மெயிலைப் படிச்சுக் காட்டினா. கிஷோர் எழுதியிருக்கான். இந்த புராஜெக்ட்ல இப்படி ஒரு வாரத்தை நான் பாத்ததில்ல, திருநாவுக்கரசு, உங்க டீம்தான் இந்த மாசம் முதலிடம், எப்படிச் செஞ்சீங்கன்னு எல்லா லீடருக்கும் வந்து சொல்லணும்னு.

நான் கேட்டேன், "சிவப்பு லிஸ்ட் அனுப்புனியா?"

"இல்லீங்க."

"யாரைக் கேட்டு அனுப்பாம விட்ட?"

அவ சிரிப்பு நின்னுபோச்சு. போனை உள்ள வெச்சா. "முதல்ல சாப்பிடுங்க"ன்னா. 

நீங்களே சொல்லுங்க சார். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தன் செஞ்ச வேலையை, ஒரு வாரம் உக்காந்தவ அதைவிட நல்லா செஞ்சுட்டான்னு அவன்கிட்டயே படிச்சுக் காட்டினா? அதுவும் கையில ஊசி குத்தி, நாலு கிலோ இறங்கிக் கிடக்கிறவன்கிட்ட?

வீட்டுக்கு வந்தேன். டாக்டர் ஒரு மாசம் ஸ்கிரீனே பாக்கக் கூடாதுன்னாரு. நான் மறுநாளே உக்காந்துட்டேன். உக்காந்து முதல் வேலையா அவ பிரேக்னு போட்டதை எல்லாம் சிவப்பாவே கணக்கு வெச்சு, அந்த ஒன்பது நாளுக்கும் லிஸ்ட் போட்டு கிஷோருக்கு அனுப்புனேன். அது முறை சார். விட்டது விட்டதுன்னு போக முடியாது. ஜெனிட்டா பேர்ல மட்டும் நாப்பத்தாறு. நடவடிக்கை எடுக்கணும்னு தனியா ஒரு வரி எழுதினேன்.

அந்தப் பொண்ணு எழுதுது, "சார், போன வாரம் நீங்கதானே பதறாம பால் குடுங்கன்னு சொன்னீங்க?"

"அது போன வாரம்"னு போட்டேன்.

அது சும்மா இருக்கல. நான் எழுதினதா இருந்த எல்லாத்தையும் போட்டோ எடுத்து மேல அனுப்பிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு எனக்கு வீடியோ கால். கேமராவைப் போடுங்கன்னாங்க. கிஷோரும், மனிதவளத்துல இருந்து ஒரு அம்மாவும். அந்தம்மா ரொம்ப மரியாதையாத்தான் கேட்டுச்சு.

"பன்னெண்டாம் தேதி பதினொண்ணு இருபதுக்கு ஜெனிட்டாவுக்கு பிரேக் குடுத்தது நீங்களா சார்?"

"ஆமாம்"னேன். வேற என்ன சொல்ல?

"பன்னெண்டாம் தேதி பதினொண்ணு இருபதுக்கு நீங்க ஸ்கேன் ரூம்ல இருந்திருக்கீங்க."

ஆஸ்பத்திரியில கம்பெனி இன்சூரன்ஸ் கார்டைக் குடுத்தாச்சு சார். ராவுத்தர் என் சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுத்திருக்காரு, நான் அதுக்குள்ள நினைவில்லாமக் கிடந்தேன். அட்மிஷன், ஸ்கேன், டிஸ்சார்ஜ், எல்லாம் தேதி, நேரத்தோட அவங்க மேசைக்குப் போயிருக்கு. தேதி பொருந்தலைன்னு ஆயிரக்கணக்கான பேரைத் திருப்பி அனுப்புனவன் நான். என்கிட்டயே ஒருத்தி தேதி பொருந்தலையேன்னு கேக்கிறா.

கிஷோர் கேட்டான், "அப்போ உங்க சேர்ல உக்காந்திருந்தது யாரு?"

கண்ணி கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. கையில எனக்கு மாத்திரையும் தண்ணியும்.

நான் சொன்னேன், "என் மனைவி. எனக்குத் தெரியாம செஞ்சுட்டா. நான் வந்துதான் கண்டுபிடிச்சேன்."

இதுல என்ன இருக்கு? நீங்க ஏன் அப்படிப் பாக்கிறீங்க? ஒரு வேலையைக் காப்பாத்திக்க மனுஷன் நாலு வார்த்தை முன்னப் பின்னச் சொல்ல மாட்டானா? எனக்கு வேலை இருந்தா அவளுக்கும்தானே சோறு? அவளுக்கு அந்தக் கம்பெனியில என்ன பேரு கெடப் போகுது? அவ அங்க ஆளே இல்லையே. அப்புறம் தனியா ரெண்டு வார்த்தை சொல்லிக்கலாம்னு நினைச்சேன்.

மாத்திரையை மேசையில வெச்சா. தண்ணியை வெச்சா. அடுப்படிக்குப் போனா. மிக்ஸியைப் போட்டுட்டா சார். கால் ஓடிக்கிட்டிருக்கு, அந்தம்மா என்னமோ சட்டம் பேசிக்கிட்டிருக்கு, இவ மிக்ஸியை ஓட விடுறா. அரைக்கிறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல, வெறும் ஜார். அது ஓடற சத்தம் வேற மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியுமா தெரியாது. அவங்க பேசினது ஒண்ணும் எனக்குக் கேக்கல. வாய் மட்டும் அசையுது. அவங்க போன் வெக்கிற வரைக்கும் ஓடுச்சு.

அன்னிக்கு நாலு மணிக்கு லேப்டாப் தன்னால பூட்டிக்கிச்சு. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம்.

அதுக்கப்புறம் அவ என்கிட்ட சண்டை போடல. போட்டிருந்தாத் தேவலை. சமைப்பா, மாத்திரை எடுத்து வெப்பா, பிரஷர் பாத்து நோட்டுல எழுதுவா. கேட்டா பதில் சொல்லுவா. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன். "நீ அவ்வளவு நல்லா செஞ்சிருக்க வேண்டியதில்ல. சுமாரா செஞ்சிருந்தா ஒருத்தன் கண்ணுக்கும் பட்டிருக்காது"ன்னேன். நியாயம்தானே? எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒருநாள் திரும்பிப் பாத்தா. "நானும் அதைத்தாங்க யோசிக்கிறேன். இருபத்திநாலு வருஷமா எதை எல்லாம் சுமாரா செஞ்சோம்னு"ன்னா. எனக்கு அதுக்கு அர்த்தம் விளங்கல. இப்பவும் விளங்கல.

ரெண்டு மாசம் கழிச்சு இருக்கும். நான் குளிச்சுக்கிட்டிருக்கேன், என் போன் அடிக்குது, அவ எடுத்திருக்கா. யாருன்னா அந்த ஜெனிட்டா. அதுவும் அந்தக் கம்பெனியை விட்டுட்டுக் கோயமுத்தூர்ல வேற ஒரு இடத்துல சேந்திருச்சாம், புருஷன், குழந்தையோட அங்கயே வந்துருச்சாம். "சார்கிட்ட பேச இல்லம்மா. அந்த ஒன்பது நாள் எங்ககிட்ட பேசினவங்ககிட்ட பேசணும்"னு கேட்டிருக்கு. நான் தலையில தண்ணியோட வெளிய வரேன், இவ ஜன்னல்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்கா. முக்கால் மணி நேரம். என் போன்ல.

அங்க ஆள் கேக்கிறாங்களாம், இவ ஒருநாள் நேர்ல போயிட்டு வந்தா. வயசு நாப்பத்தாறு, அனுபவம்னு ஒண்ணும் இல்ல, சர்டிபிகேட்டு எல்லாம் பழுப்பாகிப் போனது. ஆனா ஃபைலைக் குடுத்துப் பாத்திருக்காங்க, எடுத்துக்கிட்டாங்க. நீங்க வீட்ல இருந்தே பாக்கலாம்மான்னு அவங்களே போன் பண்ணிச் சொல்றாங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு நிம்மதி. சரி, திண்டுக்கல்லயே இருப்பா, நமக்கும் அந்த வேலை தெரியும், பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கலாம்னு. இவ சொல்றா, "இல்ல மேடம், நான் ஆபீஸுக்கே வரேன். வீட்ல இருந்து வேண்டாம்."

போனை வெச்சதும் கேட்டேன், "ஏன் வேண்டாம்னுட்ட?"

"வீட்ல இருந்து வேலை பாத்தா என்ன ஆகும்னு பாத்துட்டேங்க"ன்னா.

ஒரு திங்கக்கிழமை காலைல பெட்டியோட போயிட்டா. பத்து நாளைக்கு வர்ற மாதிரி பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் போட்டு வெச்சுட்டு, மாத்திரையை டப்பாவுல கிழமை கிழமையாப் பிரிச்சு வெச்சுட்டு. பொம்பளைங்க ஹாஸ்டல் ஒண்ணுல இருக்கா. மகளைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். "அம்மா போகட்டும்பா"ங்குது. பெத்த மக.

வீட்ல இப்ப சத்தமே இல்ல சார். மிக்ஸி இல்ல, விசில் இல்ல. முன்னாடி நான் கேட்ட மாதிரியே இருக்கு.

என்ன செய்வேன் பகல் பூரா? அவ வாட்ஸ்அப்பைப் பாப்பேன். பேருக்குக் கீழ ஆன்லைன்னு வரும்ல, அதை. காலைல ஏழு பத்துக்கு வருவா, ரெண்டு நிமிஷத்துல போயிருவா. ஒண்ணே காலுக்கு வருவா, அது சாப்பாட்டு நேரம். நாலு மணிக்கு ஒருக்கா. ஒருநாள் பதினொண்ணரைக்கு வந்தா. வேலை நேரத்துல எதுக்கு? யார்கிட்ட பேசினா? உடனே போன் போட்டேன், எடுக்கல. திரும்பப் போட்டேன். பதினாலு தடவை. சாயங்காலம் கூப்பிட்டா. "பதினொண்ணு முப்பத்திரண்டுல இருந்து முப்பத்தேழு வரைக்கும் எங்க இருந்த?"ன்னேன்.  "மாத்திரை போட்டீங்களா?"ன்னு மட்டும் கேட்டா. மறுநாள்ல இருந்து அதையும் மறைச்சு வெச்சுட்டா. ஆன்லைன்ல இருக்காளா, இல்லையா, கடைசியா எப்ப வந்தா, ஒண்ணும் தெரியாது. வெறும் போட்டோதான் இருக்கு. என் போனையும் எடுக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை அவளாக் கூப்பிடுவா, அஞ்சு நிமிஷம் பேசுவா.

அக்கறை சார். என்னைக் கண்காணிச்சாங்களே, அது வேற. அது எவனோ காசு குடுக்கிறவன் பாத்தது. கட்டினவன் பாக்கிறது அக்கறை. அவளுக்கு அது புரியல. நேர்ல போய்ச் சொன்னாப் புரிஞ்சுக்குவா. அதான் கிளம்பிட்டேன். வரேன்னு சொல்லல. சொன்னா வராதீங்கம்பா.

இது என்ன ஊரு, பழனி தாண்டிட்டோமா? சார், ஒரு உதவி. உங்க போன்ல இருந்து ஒரு கால் போட்டுக்கட்டுமா? என் நம்பர்ல இருந்து போட்டா எடுக்க மாட்டா. ஆபீஸ்லதான் இருக்காளான்னு தெரிஞ்சுக்கிட்டா போதும், பேசக்கூட வேண்டாம். ஸ்பீக்கர்ல போடுங்க, இடது காது எனக்குச் சரியாக் கேக்காது. நம்பர் சொல்றேன்.

அடிக்குது.

"வணக்கம், அங்கயற்கண்ணி பேசறேன். சொல்லுங்க. ஹலோ? பஸ்ல இருக்கீங்க போல, சரியாக் கேக்கல. பரவால்ல, மெதுவாச் சொல்லுங்க, நான் லைன்லதான் இருக்கேன்."

வெச்சுருங்க சார். வெச்சுருங்க.

பாத்தீங்களா, ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டா. தெரியாதவங்கன்னா உடனே எடுக்கிறா. மெதுவாச் சொல்லுங்கங்கிறா.